எலி வைத்துப்போன காசு

அந்தோஃபகாஸ்தாவில் மழை பெய்யாது.
கூரை இங்கே வெயிலுக்கு மட்டும்.
அதனாலோ என்னவோ
எனக்கு அழுகை வராததை
ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

சலவைக்கூடத்தில் என் வேலை பை பார்ப்பது.
சுரங்கத்திலிருந்து மூட்டைமூட்டையாய் வரும் சீருடைகள்
எந்திரத்துக்குள் போகுமுன்
ஒவ்வொரு பையிலும் கைவிட வேண்டும்.
மரையாணி, புதினா மிட்டாய்த் தாள்,
ஒருமுறை ஒரு மோதிரம்,
ஒருமுறை "திரும்பி வராதே" என்றொரு சீட்டு.
நாளொன்றுக்கு முந்நூறு பை.
வீட்டில் எங்கள் அழுக்குத் துணி
நாற்காலியில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது,
மூன்று வாரமாய்.

சோம்பல் என்றுதான் முதலில் பெயர் வைத்தேன்.
பிறகு தூக்கக்குறைவு.
பிறகு பிள்ளை பெற்ற களைப்பு,
காஸ்பருக்கு ஒன்பது மாதம் ஆன பிறகும்.
அவன் அப்பா போன கோபம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
கோபம் என்றால் கொஞ்சமாவது சுடும்.
பால்பொடி அளக்கையில் கணக்கு விட்டுப்போகும்.
கொட்டிவிட்டு மறுபடி, ஒன்று, இரண்டு,
இரண்டிலேயே நின்று
சன்னலுக்கு வெளியே பழுப்பு மலையைப் பார்ப்பேன்.
அதில் பார்க்க ஒன்றுமில்லை.
அதுதான் பிடித்திருந்தது.

ஒரு காலை அந்தோனெலா
தலையணைக்கடியில் கைவிட்டுக் காட்டினாள்.
"எலி வந்துச்சும்மா!
பல்லை எடுத்துக்கிட்டு நூறு பெசோ வெச்சிருக்கு."
சிரித்தபோதுதான் பார்த்தேன்,
முன்வாயில் ஒரு சன்னல்.
எப்போது ஆடியது, எப்போது விழுந்தது,
எனக்குத் தெரியாது.

பேருந்தில் பணப்பையைத் திறந்தேன்.
சில்லறையில் நூறு குறைந்தது.
அந்த இடத்தில்
கணக்கு நோட்டுத் தாளில் மடித்து
அரிசிமணி போல ஒரு பல்.
அவள் வகுப்பில் எலி ஆயிரம் வைக்குமாம்.
இவள் நூறுதான் எடுத்திருக்கிறாள்.

அப்போதும் அழவில்லை.
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது,
அதற்கடுத்ததும்.

காஸ்பரை எடைபோடும் நாள்.
தாதி ஒர்தென்சியா சொன்னாள்,
"எட்டு கிலோ எழுநூறு. நன்றாக வளர்கிறான்."
அம்மாக்களுக்கு ஒரு தாள் தந்தாள்.
கேள்விக்கெல்லாம்
நல்ல பிள்ளையாய் நல்ல பதிலில் குறியிட்டேன்.
நன்றி சொன்னேன், எழுந்தேன், கதவு வரை போனேன்.
திரும்பி வந்து
தாளின் மேல் பல்லை வைத்தேன்.
"இதை எலி எடுக்கலை" என்றேன்.
வேறு வாக்கியம் என்னிடம் இல்லை.

அவள் கதவைச் சாத்தினாள்.
தைரியமாய் இரு என்று சொல்லவில்லை.
பிள்ளைகளுக்காகவாவது என்று சொல்லவில்லை.
சாகத் தோன்றுகிறதா என்று கேட்டாள்,
காய்ச்சல் உண்டா என்று கேட்கிற குரலில்.
பேருந்து எங்கும் நிற்காமல்
போய்க்கொண்டே இருந்தால் தேவலை
என்று தோன்றும் என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.
காஸ்பரின் எடையை எழுதிய அதே பேனாவால்
மனச்சோர்வு என்றும் எழுதினாள்.
ஒன்பது மாதம் நான் தேடிய பெயர்
ஒரு வரிகூட நிரம்பவில்லை.

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகுமாம்.
புதன்தோறும் நான்கு மணிக்கு
ஓர் அறை, ஒரு பெண், பேச்சு.
மேலாளர் நிவால்தோவிடம் அரைநாள் கேட்டேன்.
"பல் டாக்டரா?" என்றார்.
ஆமாம், ஒரு பல் விஷயம்தான் என்றேன்.
சிரிப்பு வந்தது.
யாருடையதோ போலிருந்தது, ஆனால் வந்தது.

குணமாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.
நாற்காலியில் துணி இன்னும் இருக்கிறது,
தலை மட்டும் போயிருக்கிறது.
நேற்று நான்காவது கரண்டி வரை எண்ணினேன்.

அந்தோனெலாவிடம் சொல்லிவிட்டேன்,
எலிக்கு வேலை செய்ய வேண்டாம்,
அது உன் வேலை இல்லை என்று.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு பக்கத்தில் வந்து வாயைத் திறந்தாள்.
"இதுவும் ஆடுதும்மா. தொட்டுப் பாரு."

தொட்டேன்.
ஆடியது.