இடது பேக்

பதினோரு சீசன் ஆடியும்
அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.
தோள்தான் தெரியும்.
வலது தோள், அதன் எலும்பு முனை,
ஓடும்போது என் விலாவில் வந்து அது உட்காரும் விதம்.

அவன் முதுநகர் கிளப்பின் இடது பேக்.
நான் நெல்லிக்குப்பம் ஆலை அணியின் வலது விங்.
பி டிவிஷன்.
வருஷத்துக்கு இரண்டு முறை
மஞ்சக்குப்பம் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி
தொண்ணூறு நிமிஷம் குடித்தனம்.

பெயர் கலியவரதன்.
அதுவும் அவர்கள் கோல்கீப்பர் கத்தித்தான் தெரியும்:
"வரதா, ஆள விடாத!"
விட்டதில்லை.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
விடியற்காலை மூன்று மணிக்கு
பார் உடைத்துவிட்டு வருகிறவன்.
மாலை நாலு மணி வெயிலிலும்
அவன் பனியனில் கொஞ்சம் குளிர் மிச்சமிருக்கும்,
கூடவே சங்கரா மீன் வாசம்.
என் மேல் கரும்புக் கழிவின் புளிப்பு அடித்திருக்கும்.
கண்ணை மூடிக்கொண்டே
அவன் என்னைக் கண்டுபிடித்திருப்பான்.

வாழ்க்கையில் ஒரே ஒரு கோல் போட்டான்.
ஐப்பசிக் காற்று,
அவன் பாதி மைதானத்திலிருந்து வெளியே உதைத்த பந்து
ஒரு குத்து குத்தி
எங்கள் கீப்பர் தலைக்கு மேல் போனது.
கொண்டாடத் தெரியாமல்
தன் இடத்துக்கு ஓடிவந்து
என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான்:
"தப்பாப் போயிடுச்சு."

ஒருமுறை மெட்ராஸ் கிளப்பிலிருந்து
என்னைப் பார்க்க ஒருவர் வந்தார்.
அன்று முழுக்க எனக்குப் பந்தே வரவில்லை.
அவர் நோட்டில் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார்.
போனான். மூன்று நாள்.
நாலாம் நாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.
கேட்டவர்களிடம்,
"தரை ரொம்ப நல்லா இருக்கு அங்க.
நமக்கு ஆவாது."

தானே புயலுக்கு மறுவருஷம்,
மைதானத்து ஓரம் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகூட
இன்னும் பிடுங்காத நேரம்,
பந்துக்குப் போன என் பூட்
அவன் முட்டியில் இறங்கியது.
பந்துக்குத்தான் போனேன்.
முக்கால்வாசி.
ரெஃப்ரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் நிற்கவில்லை.
விலாவில் யாருமில்லாமல் ஓடிய
அந்த இருபது கெஜம்
எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.
அந்த கோலில்தான் ஏ டிவிஷன் ஏறினோம்.
ஒரே வருஷம். திரும்பி இறங்கினோம்.
இறங்கி வந்து பார்த்தால்
அவன் இடத்தில் சோப்பு வாசத்தோடு ஒரு பையன்.
சுலபமாகத் தாண்டினேன்.
அந்த சீசனோடு நிறுத்திவிட்டேன்.

நேற்று கடலூர் பெரியாஸ்பத்திரி.
எலும்புப் பிரிவு வரிசை.
பின்னாலிருந்து யாரோ நெருக்க
ஒரு தோள் என் இடது விலாவில் இடித்தது.
திரும்புவதற்குள் அவன் கேட்டுவிட்டான்:
"நெல்லிக்குப்பமா?"

பார்த்தேன்.
நெற்றியில் அம்மைத் தழும்பு. சின்னக் கண்கள்.
இதுதானா என்றிருந்தது.
"அந்த முட்டி..." என்று ஆரம்பித்தேன்.
குனிந்து இரண்டையும் பார்த்துக்கொண்டான்.
"ரெண்டும் போச்சு.
இதுல உன்னுது எதுன்னு மறந்துட்டேன்."

டோக்கன் கூப்பிட்டார்கள், எங்களுடையது இல்லை.
வரிசை அசைந்தது.
சுவரை ஒட்டி நான் அரையடி விலகினேன்.
அவனும் விலகினான்.