இடைவேளைக்குப் பின்

பீச் ரோட்டில் படம் விட்டபோது
மணி ஒன்று இருபது.
கடைசி ரயில் போயிருக்கும்.
தெரிந்துதான் டிக்கெட் எடுத்தோம்.
விடிய விடியத் திறந்திருக்கும் பிராட்டாக் கடையில்
அதே மேசை, ஒரு கால் ஆடுகிற மேசை.
நோட்டு என்னிடம்.
இது நூற்றுப் பதினெட்டாவது படம்.

மார்க் போடாமல் பிராட்டாவைத் தொடக் கூடாதென்று
யார் போட்ட சட்டமோ.
ஹமீதா பத்தில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவாள்,
மருந்தகத்தில் மாத்திரை எண்ணுகிற அதே விரலால்.
அவ்வளவு அழுதும் கதாநாயகிக்கு மை கரையவில்லை, ஒன்று.
வில்லனுக்கு வீடே காட்டவில்லை,
அந்த ஆள் எங்கேதான் தூங்குவான், இன்னொன்று.
கடைசியில் ஏழில் நின்றாள்.
மரியதாஸ் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி.
கூரைமேல் சண்டை போடுகிறவன்
இடுப்பில் கயிறு கட்டாதவரை
இரண்டரைக்கு மேல் தரமாட்டார், எந்தப் படத்துக்கும்.
செங்கோடன் பஸ் ஓட்டுகிறவர்.
எங்கே நெரிசல், எங்கே காலியாக ஓடியது,
எந்த நிறுத்தத்தில் யாரும் ஏறாமல் சும்மா நின்றது,
இவ்வளவுதான் அவர் விமர்சனம்.
பாட்டு வந்தால் 'சிவப்பு விளக்கு' என்பார்.

அப்போதுதான் குலசேகர் வந்தான்,
சட்டையெல்லாம் கிரீஸ்.
இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனவன்
போன் வந்து அப்படியே போய்விட்டான்.
அறிவிப்புப் பலகையில் மின்தூக்கி,
எங்கள் வாயில் லிஃப்ட்,
எப்படிச் சொன்னாலும் அது நின்றால் இவன் ஓடவேண்டும்.
ஹவ்காங்கில் ஒரு புளோக்,
ஏழாம் மாடிக்கும் எட்டுக்கும் நடுவே.

"சொல்லுங்க, அப்புறம் என்ன ஆச்சு?"

ஹமீதாவின் இரண்டாம் பாதியில்
தங்கை பிழைத்துக்கொண்டாள்.
மரியதாஸ் பார்த்த படத்தில் அவள் செத்துப்போனாள்,
கடைசியில் சிரித்தது அண்ணனின் கனவாம்.
செங்கோடன் சொன்னதில் தங்கையே வரவில்லை,
ஒரு துரத்தல், ஒரு பாலம்,
மூன்றே நிமிடத்தில் இறக்கிவிட்டார்.
நான் அந்தக் கடிதம் மழையில் நனைகிற இடம்வரை போய்
அங்கேயே நின்றுவிட்டேன்.

குலசேகர் பிராட்டாவைக் கிழித்து மீன்குழம்பில் முக்கி
எங்கள் நாலு பேருக்கும் மார்க் போட்டான்.
எனக்கு ஐந்து.
செங்கோடனுக்கு ஆறு, நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்காக.
ஹமீதாவுக்கும் ஆறுதான்.
மரியதாஸுக்கு எட்டு.

"நான் அந்தப் படத்தைத் திட்டினேன்யா."
"அவ விழுந்ததைக் காட்டக் கையை விரிச்சீங்களே,
அப்போ உங்க முகத்தைத்தான் பார்த்தேன்."

மரியதாஸ் பதில் சொல்லவில்லை.
தே தாரேயின் நுரையை
ஓரத்துக்கு ஊதி ஊதித் தள்ளினார்.

"இன்னொரு மார்க் இருக்கு, எழுதிக்க" என்றான் குலசேகர்.
லிஃப்டுக்குள் ஓர் அம்மாள், மிஸஸ் லோ,
சாப்பாட்டுக் கடை வேலை முடிந்து வந்தவர்.
கதவிடுக்கில் மூச்சுத் திணறல் கேட்டது.
ஏதாவது பேசிக்கொண்டே இரு என்றாராம்.
இவனுக்கு வேறென்ன தெரியும்?
படத்தின் முதல் பாதியைச் சொல்லியிருக்கிறான்
மலாயில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம்,
பாட்டுக்கு மட்டும் தமிழ்.
கதவு திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:
அப்புறம்?
தெரியாது ஆன்ட்டி, நான் பார்க்கலை.
தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு
நான்கு என்றாராம்,
முடிவில்லாத படத்துக்கு அதுவே அதிகமாம்.

எழுதினேன். ஆறாவது வரி:
மிஸஸ் லோ, எட்டாம் மாடி, நான்கு.

நாளைக்கு அந்த லிஃப்டைப் பரிசோதிக்க
மறுபடி போகவேண்டுமாம்.
கேட்டால் எந்த முடிவைச் சொல்வது?
பாலம் என்றார் செங்கோடன், சுருக்கமாக முடியும்.
மழையை விட்டுவிடாதே என்றேன்.
ஹமீதா வாயெடுப்பதற்குள்,
"தங்கச்சி பொழைச்சிட்டான்னு சொல்லிடு"
என்றது மரியதாஸ்.
குனிந்து, தன் டிக்கெட்டை நாலாக மடித்து,
ஆடுகிற மேசைக்காலுக்கு
அண்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.