கட்டாத ஆறாம் மாடி

வூச் என்றால் போலிஷ் மொழியில் ஓடம்.
ஊரின் முத்திரையிலும் ஓர் ஓடம்.
ஓடைகளைத்தான் காணோம்.
நெசவாலைக் காலத்தில்
சாயம் குடித்து நாறிய அவற்றை
ஒவ்வொன்றாய்க் குழாய்க்குள் திணித்து
மேலே டிராம் விட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் பதினோராம் கட்டடம் என் பொறுப்பு.
ஐந்து மாடி, கான்கிரீட், தார் பூசிய தட்டைக் கூரை.
இருபத்தாறு வருடமாக எனக்கு ஒரே வேலை,
தண்ணீரை விரட்டுவது.
விரிசலில் தார் காய்ச்சி ஊற்றினேன்.
வடிகுழாய் வாயில் அடைத்த இலைகளை
முழங்கை வரை கையை விட்டுக் கிளறினேன்.
எங்கே ஒரு சொட்டு விழுந்தாலும்
தொலைபேசி எனக்குத்தான் அடிக்கும்:
“ஹல்ஷ்கா மேடம், வாளி இருக்கா?”

பிறகு ஒரு ஜூலையில் நாற்பது நிமிட மழை.
கூரையிலிருந்து நான் விரட்டியதெல்லாம்
குழாய்வழி இறங்கிப் போய்,
போக இடமில்லாமல்,
அடித்தளத்துத் தரைச்சல்லடை வழியே
ஏறி வந்தது.
அவ்வளவு நன்றாக விரட்டியிருக்கிறேன்.

ஜெமோவித் வந்தார், வரைபடத்தோடு.
அதில் என் கூரை பச்சை.
பச்சைக்கு அடியில் ஒரு நீலக் கோடு.
நீலம் என்ன என்றேன்.
தேங்கும் நீர், எண்பது மில்லிமீட்டர் என்றார்,
காப்பிக்குச் சர்க்கரை அளவு சொல்வதுபோல்.

தாங்காது என்றேன்.
தாங்காது என்று நிரூபிக்கத்தான்
அடித்தள அலமாரியைத் திறந்தேன்.
ஈரம் பட்டு அப்பளமாய் நெளிந்த தாள்கள்.
எழுபத்திரண்டாம் வருடத்துக் கணக்கு, பென்சிலில்.
ஆறாம் மாடி: நூலகம்.
சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ.

அப்படியொரு மாடி இல்லை.
காசு தீர்ந்து ஐந்தோடு நிறுத்தித்
தார் பூசிவிட்டார்கள்.
தூண்கள் மட்டும்
வராத புத்தகங்களுக்காகத்
தோளைத் தயாராய் வைத்துக்கொண்டு
அரை நூற்றாண்டாய் நின்றிருக்கின்றன.

அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.
இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் ஜெமோவித்தின் மேஜையில் வைத்தேன்.
சிரித்திருந்தால் திரும்ப எடுத்திருப்பேன்.
சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தார்.

மழைக்குழாயை அறுக்கும் நாளில்
ரம்பத்தை நான் வாங்கிக்கொண்டேன்.
நான் வர்ணமடித்த குழாய்,
நானே அறுப்பதுதான் முறை.
பதினான்கு கார்களின் இடம் பள்ளமானது,
சரளை, மணல், கோரை.
பேராசிரியர் க்னியேவோமிர்
பள்ளத்தின் விளிம்பில் காரை நிறுத்தி
ஒரு வாரம் எதிர்ப்புத் தெரிவித்தார்.
ஆகஸ்டில் கோரையில் பாதி கருகியது.
டீன் குனிந்து பார்த்து
இதற்கா இவ்வளவு செலவு என்றார்.
என்னிடம் பதில் இல்லை.
வாளி இருந்தது, ஊற்றினேன்.

நேற்றிரவு மழை.
முதலில் அடித்தளத்துக்குத்தான் போனேன்.
சல்லடை அருகே உள்ளங்கை அளவு ஈரம்.
புதியதா, பழையதா, தெரியவில்லை.
பிறகு கூரை.
ஆய்வுத் தொட்டியின் மூடியைத் தூக்கி
டார்ச் அடித்தேன்.
அளவுகோலில் அறுபத்துமூன்று.
வெளியேறும் துளையில் விரல் தடிமனுக்கு ஓர் ஒழுக்கு,
எந்த அவசரமும் இல்லாமல்.
செடிகளுக்கு அடியில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
தண்ணீர் உட்கார்ந்திருந்தது,
நூலகத்தில் உட்காருவதுபோல்,
பேசாமல்.

தண்ணீரை வெளியே வைக்கத்தான் ஓடம்.
இதுவோ உள்ளே ஏற்றிக்கொண்டு நிற்கிறது.
மூழ்குமா என்று
பூட்ஸ் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.

தொலைபேசி அடித்தது. மூன்றாம் மாடி.
“ஹல்ஷ்கா மேடம், வாளி...”
ஜன்னல் திறந்திருக்கிறதா, பார் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
திறந்துதான் இருந்தது.