ஒன்று, உறுதியில்லை

டிசம்பர் நான்காம் தேதி
பத்தாம் எண் பேருந்தை நிறுத்தத்தில் விட்டுவிட்டு
காப்பி வாங்கப் போன நான்
மளிகைக் கடைக்குப் பின்னால்,
கழிவுக்குழாய் ஆற்றில் விழும் இடத்தில்,
மஞ்சளாக எதையோ பார்த்தேன்.
எலுமிச்சைத் தோல் என்றுதான் நினைத்தேன்.
தோல் எழுந்து பறந்து
ஒரு கொசுவைப் பிடித்தது.

ஹெட்லி ஸ்னூக்குக்குப் போன் போட்டேன்.
இந்தத் தீவின் பறவைக் கணக்கு முழுதும்
முப்பது வருடமாக அவர் சமையலறையில் இருக்கிறது.
தொண்டை மட்டும் மஞ்சளா, வயிறுமா?
தொண்டை மட்டும்.
கண்ணுக்குக் கீழே?
கறுப்பு.
அந்தப் பக்கம் கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது,
யாரும் இறக்கவில்லை.
"அசையாதே ப்ரைட்" என்றார்.
அன்று என் பேருந்து பதினோரு நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
பனி என்று எழுதினேன்.
பனி இல்லை.

மதியத்துக்குள் பதினேழு பேர்.
பல் டாக்டர் நோஸ்வர்த்தி கையுறையைக்கூடக் கழற்றவில்லை,
எங்கேயோ ஒரு வாய் திறந்தபடி காத்திருந்திருக்கும்.
மூர் சகோதரிகளுக்கு இடையில் ஒரே தொலைநோக்கி,
முறை வைத்து,
முறை தவறிச் சண்டை.
சாக்கடை நாற்றத்தில் வரிசையாக நின்றோம்,
திருப்பலியில்கூட நாங்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.
குழாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர்,
அதன் ஆவியில் பிழைக்கும் கொசு,
கொசுவில் பிழைக்கும் மஞ்சள் தொண்டைக் கதிர்க்குருவி.

ஃப்ளோரிடாவில் இதை
யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.
அரியது என்று நாங்கள் எழுதுவது
தொலைந்தது என்பதன் மரியாதையான சொல்.
அக்டோபரில் ஏதோ ஒரு காற்று
ஒன்பது கிராமைத் தூக்கிக் கடலுக்கு மேல் எறிந்தது.
வழி தப்பியது.
இங்கே ஒரு குழாய் இருந்ததால்
உயிர் தப்பியது.

ஏழாம் தேதி இரவு மைனஸ் பதினான்கு.
மறுநாள் ஹெட்லிக்கு வந்த தகவல்கள்:
காலை ஏழரை, காணவில்லை.
ஒன்பது மணி, காணவில்லை.
மூர் சகோதரிகள் தனித்தனியாக,
காணவில்லை, காணவில்லை.
ஒட்டுக் கேட்பவர்கள்
ஊரில் குழந்தை தொலைந்துவிட்டதென்று பதறியிருப்பார்கள்.

அன்றைக்குத்தான் டொரோன்டோவிலிருந்து
விமானம் பிடித்து வந்து இறங்கினார் லயனல் ஓகாவா.
குழாயடியில் ஆறு மணி நேரம் நின்றார்.
இருட்டத் தொடங்கும்போது என் பேருந்தில் ஏறி,
விறைத்த விரல்களால் சில்லறை எண்ணத் தெரியாமல்
உள்ளங்கையை அப்படியே என்னிடம் நீட்டினார்.
வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

மதுபான ஆலை வளைவில்
சுவரிலிருந்து நீராவி வரும் துவாரம் ஒன்று உண்டு.
அதன் கம்பியில்
எலுமிச்சைத் தோல்.

பிரேக்கை மிதித்தேன்.
யாருடைய முட்டைகளோ உருண்டன.
"இடது பக்கம்!" என்று கத்தினேன்.
லயனல் இடது பக்கம் பார்த்தார்.
அவர் உட்கார்ந்திருந்தது பின்னோக்கிய இருக்கை.
அவருடைய இடதில்
டயர் கடை ஒன்றும், நாய் ஒன்றும் இருந்தன.
அவர் திரும்பியபோது
நீராவி இருந்தது.

நேர்மையான மனிதர்.
அன்றிரவே தகவல் கொடுத்தார்:
மாலை நாலே கால், பேருந்திலிருந்து, காணவில்லை.
அதே நேரம், அதே பேருந்து,
ஒன்று, என்று நான்.

குழுவில் ஐந்து பேர். மூன்று வாரம் பேசினார்கள்.
ஓடும் வண்டி. மங்கல் வெளிச்சம்.
கண்ணாடியில் சாலை உப்பு.
ஹெட்லி தானே வந்து சொன்னார்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு:
"நான் உன்னை நம்புகிறேன் ப்ரைட்,
கணக்கு நம்பாது."

வண்டி நின்றுதான் இருந்தது என்றேன்.
முட்டைக்காரியிடம் கேளுங்கள் என்றேன்.

ஆண்டுப் பட்டியல் வந்திருக்கிறது.
டிசம்பர் நான்கு, என் பெயர், ஒன்று.
டிசம்பர் எட்டு, என் பெயர்,
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

குளிருக்குத் தலையை உள்ளே இழுத்து
கூனி உட்கார்ந்திருக்கிறது அது.
கீழே ஒரு புள்ளி.
கொசுவாகத்தான் இருக்க வேண்டும்.