கை எட்டாத இடம்

இந்த நாட்டு மொழியில் நான் முதலில் கற்ற சொல்
நன்றி அல்ல, வணக்கம் அல்ல.
ஸ்ஃபென்ஜி.
அரிக்கிறது.

வூச் நகரத்து மருந்துக்கடையில்
எனக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் ஒரு நாய்.
என் முறை வந்ததும் சட்டைக் கையை மடித்து
முழங்கையைக் கண்ணாடிக்கு அருகே காட்டி
அந்த ஒரு சொல்லைச் சொன்னேன்.
போஷெனா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தவள்
எத்தனை நாளாக என்று கேட்டிருக்க வேண்டும்.
எண்கள் இன்னும் எனக்கு வரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மொட்டை மரத்தைக் காட்டினேன்,
அதில் இலை இருந்ததிலிருந்து.
அவள் சிரிக்கவில்லை.
பெரிய டப்பாவாக எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு அரிக்கிறது என்னும்போது
எழுவாய் எங்கே என்று தேடிப் பார்த்திருக்கிறேன்.
நம் மொழியிலும் இல்லை, இவர்கள் மொழியிலும் இல்லை.
யாரும் செய்யவில்லை, அதுவாக நடக்கிறது.
வழக்குப் போட ஆள் கிடைக்காத வினைச்சொல்.

சோப்பைச் சந்தேகித்தேன், கம்பளியைச் சந்தேகித்தேன்,
தக்காளியை, முட்டையை, கிடங்கில் நான் பிரிக்கும்
அட்டைப்பெட்டிகளின் பழுப்புத் தூசியை.
கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டி
நீதானா என்றேன்.
தோல் மருத்துவர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார்,
பூச்செடியின் பெயர் போல அழகாக இருந்தது.
காரணம் தெரியாது என்பதை
அப்படித்தான் எழுதுவார்களாம்.

குரங்குப் புண் ஆறாது.
நானே குரங்கு என்று ஒப்புக்கொள்ள
இரவு இரண்டே முக்கால் ஆகிறது.
ரேடியேட்டர் கொதிக்க, கணுக்காலில் தொடங்கி
முழங்கால் மடிப்பு, இடுப்பு வார் அழுந்திய இடம் என
ஒவ்வொரு நிறுத்தமாக ஏறி வருகிறது.
சொறிகிற அந்த நான்கு விநாடி
சொர்க்கம்.
பொய் சொல்ல மாட்டேன்.
ஐந்தாவது விநாடியில் ரத்தம்.

தூங்கும் முன் கைகளுக்குக் காலுறை மாட்டுகிறேன்.
விடிந்தால் கட்டிலின் இரண்டு மூலைகளில்
ஆளுக்கொன்றாகக் கோபித்துக்கொண்டு கிடக்கின்றன.

பிப்ரவரியில் வெளிநாட்டவர் அலுவலகம்.
கைரேகை எடுக்கும் பச்சை வெளிச்சத்தில்
தோல் உரிந்த ஆட்காட்டி விரலை வைத்தேன்.
தெரியவில்லை என்றது எந்திரம்.
இன்னொரு முறை. அடுத்த விரல்.
துடைத்துவிட்டு வையுங்கள்.
ஊதிவிட்டு வையுங்கள்.
பத்து விரலும் என்னைத் தெரியாதென்று
ஒரே குரலில் சாட்சி சொல்லின.
தோல் ஆறியதும் வாருங்கள் என்றாள் அதிகாரி,
ஏதோ நான்தான் நாள் குறிப்பது போல.

தன் முதுகு தனக்குத் தெரியாது.
அந்தப் பழமொழியை
இப்போது களிம்பு டப்பாவோடு நின்று படிக்கிறேன்.
மரக்கரண்டியில் தடவிப் பார்த்தேன், சுவரில் ஒட்டியது.
கதவு நிலையில் கரடி போல உரசிக்கொண்டிருந்தபோது
பக்கத்து அறை தாராஸ் வந்துவிட்டான்.
டயர் கடையில் வேலை; குளிர்சாதனப் பெட்டியில் என் தயிரைத்
தள்ளி வைப்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

ஒன்றும் கேட்கவில்லை.
கடையிலிருந்து கொண்டுவந்த நீலக் கையுறையை
இழுத்து மாட்டிக்கொண்டு, திரும்பு என்றான்.

அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு அவன்தான்
என் முதுகின் செய்தி வாசிப்பாளன்.
தோள்பட்டையில் அடங்கிவிட்டது.
இடப்பக்கம் இரண்டு புதிய தீவுகள்.
நேற்று, களிம்பின் குளிர்ச்சிக்கு நான் நெளிந்துகொண்டிருக்க,
கிழக்கே முன்னேறியிருக்கிறது என்றான்,
சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.
அவன் வீடு எந்தத் திசையில் என்று எனக்குத் தெரியும்.
கையுறைக் கை என் முதுகில் கிடந்தது,
டிராம் ஒன்று திருப்பத்தில் கிறீச்சிட்டுப் போகும்வரை.

பிறகு மூடியைத் திருகி வைத்துவிட்டுப் போனான்.
நடுவில் ஓர் இடத்தை விட்டிருந்தான்,
நாணய அளவு.
கூப்பிடவில்லை.
விளக்கை அணைத்த பிறகு
அது மட்டும் விழித்திருந்தது.