ஆறு மீட்டரும் ஒரு சாணும்

ஆறு மீட்டர் வரை ஒரு கட்டணம்,
அதைத் தாண்டினால் கிட்டத்தட்ட இரு மடங்கு.
துறைமுகத்தில் எய்லிஃப்
அளவுநாடாவின் நுனியை என் கையில் கொடுத்து
பின்பக்க பம்பரில் அழுத்திப் பிடிக்கச் சொன்னான்.
வேன் ஐந்து எண்பது.
அதன் நெற்றிக்கு மேலே
முன்கண்ணாடியைத் தாண்டி மூக்கை நீட்டி
கடலை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன
எங்கள் இரண்டு கயாக்குகள்.
"மூக்கையும் சேர்த்துத்தான்" என்றான் எய்லிஃப்.
ஆறு மீட்டர். மேலே ஒரு சாண்.

பின்னுக்குத் தள்ளிக் கட்டியிருக்கலாம்.
கூரைச் சன்னல் திறக்க வேண்டும் என்றது நான்.
முன்னுக்கு நகர்த்தியது ஹால்வார்ட்.
இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மூஷோயனிலிருந்தே பேச்சு குறைவு.
அங்கேதான் அது தொடங்கியது:
கூரையில், பட்டையில், காற்றில் ஒரு ரீங்காரம்.
அறுபதில் தேனீ.
எழுபதில் தேன்கூடு.
எண்பதில் தேவாலயத்து ஆர்கன்,
அதுவும் ஒரே ஒரு கட்டையை அழுத்தியபடி.
தொண்ணூறில் அவன் ஓட்டுவதில்லை.
கட்டியது யார் என்ற கேள்வி
எங்கள் நடுவே
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வந்தது.

"இறக்கு" என்றேன்.
"எதை?"
"இரண்டையும்."
"பணம்தானே சுன்னீவா, கொடுத்துவிடலாம்."
பணம் இல்லை என்றேன்.
வேறு என்ன என்று அவன் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.
எய்லிஃப் மட்டும் நாடாவைச் சுருட்டிக்கொண்டே
காற்று தென்மேற்கு, மதியத்துக்குள் போய்விடு என்றான்.

என்னுடையது மஞ்சள். அவனுடையது நீலம்.
நீலத்தைக் கயிற்றில் கோத்துப் பின்னால் இழுத்தேன்.
ஆளில்லாத கயாக்
கனக்காது, ஆனால் கேட்காது;
காற்று கூப்பிட்ட பக்கமெல்லாம் தலை திருப்பும்.
திரும்பவும் கரை ஒதுங்கி
அவன் உட்காரும் இடத்தில்
உருளைக்கிழங்கு மூட்டையை வைத்தேன்.
பிறகு ஒழுங்காக வந்தது.

நாலு கிலோமீட்டர் நீர்.
பாதியில் ஃபெர்ரி கடந்தது
எங்கள் வீட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு:
கட்டில், அடுப்பு, துவைக்காத போர்வை,
காலையில் நான் குடித்து மிச்சம் வைத்த காப்பி.
கம்பியோரம் யார் யாரோ போன் தூக்கிப் படமெடுத்தார்கள்.
ஹால்வார்ட் எடுக்கவில்லை.
ஃபிளாஸ்க்கின் மூடியைக் கோப்பை போல உயர்த்தினான்.
நான் துடுப்பை உயர்த்தவில்லை;
அலை வந்துகொண்டிருந்தது,
இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அக்கரையில்
பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி
தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தான்.
எவ்வளவு நேரமாக என்று
அவன் காலின் நிறமே சொன்னது.

தூக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாக
அவன் மூன்று வரை எண்ணுவான்,
நான் இரண்டிலேயே தூக்கிவிடுவேன்.
இன்று நான் மூன்றுக்காகக் காத்திருந்தேன்,
அவன் இரண்டில் தூக்கினான்.
நீலத்தின் வயிற்றிலிருந்து
உருளைக்கிழங்குகள் சரிவில் ஓடின.
ஒன்றைக் கடல் எடுத்துக்கொண்டது.

பக்கத்து மோட்டார்ஹோமில் ஒரு ஜெர்மன்காரி
துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள்.
பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள்,
தட்டையாக இருந்தால்தான் பாடும் என்றாள்.
முறுக்கினோம். இரண்டு பேரும், ஆளுக்கொரு பக்கம்.

அறுபது. எழுபது. எண்பது.
சத்தமே இல்லை.
நானூறு கிலோமீட்டராக
எதன் மேல் போர்த்தியிருந்தது அந்தச் சத்தம் என்று
இப்போது இரண்டு பேருக்கும் கேட்டது.

முதல் சுரங்கம் தாண்டியதும்
அவன் தொண்டையைச் செருமினான்.
"நடுவில் எப்படி இருந்தது?"

"நீ கனமாக இருந்தாய்" என்றேன்.
"உருளைக்கிழங்கு" என்றான்.
"ஆமாம், பத்துக் கிலோ."

அடுத்த துறை எழுபது கிலோமீட்டரில்.
மூக்குகள் இன்னும் அதே ஒரு சாண்
முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன.