பாய் வந்திருக்குது

"பாய் வந்திருக்குதுங்க" என்றான் வாட்ச்மேன்.
பட்டன் பாய் என்று நினைத்து
பாக்கிப் பணத்தை எண்ணி வைத்தேன்.
பார்சல் லாரியிலிருந்து இறங்கியது
படகின் பாய்.
புதுச்சேரியிலிருந்து, ஈரத்தோடு மடித்து,
ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டிப்போட்ட நாற்றத்தோடு.

இது திருப்பூர். காங்கேயம் ரோட்டில் ஓர் உள்சந்து.
மேசை ஐந்து, ஸ்ப்ரே கன் மூன்று.
ஊசி எண்ணெய், பேனா மை, டீ டம்ளர் வட்டம்,
எங்களுக்குத் தெரிந்த கறைகள் இவ்வளவுதான்.
பனியனில் கடுகளவு இருந்தாலும்
கப்பல் ஏற்ற மாட்டார்கள்.
அந்தக் கடுகைத் தேடித்தேடி
என் கண்ணாடிக்கு வருஷம் ஒரு பவர் ஏறுகிறது.

மேசை போதவில்லை. மொட்டை மாடிக்குத் தூக்கினோம்.
விரித்தால்
கரும்புள்ளி, கரும்புள்ளி, கொஞ்சம் பச்சை,
இரும்பு வளையம் அழுத்திய இடத்தில் துரு,
கிரீஸ் கையால் யாரோ அவசரமாகப் பிடித்த
நான்கு விரல். கட்டைவிரல் இல்லை.
அர்த்தனாரி ஒரு முனையை நக்கிப் பார்த்து
"உப்புங்க" என்றான்,
கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி.

முதலில் வெறும் தண்ணீர். உப்பு இறங்கட்டும்.
அப்புறம் வெதுவெதுப்பாகச் சோப்பு, மெத்தென்ற பிரஷ்.
அழுத்தாதீங்க என்றார் போனில் படகுக்காரர்,
துணிக்குள் கஞ்சி மாதிரி ஒரு பசை இருக்குது,
விறைப்பெல்லாம் அதில்தான்.
துருவுக்கு எலுமிச்சையும் கல் உப்பும்.
கடலிலிருந்து வந்ததற்கே உப்பா
என்று சிரித்தாள் மயிலாத்தாள்.
எலுமிச்சை பட்ட இடத்தை அலசி முடிக்காமல்
பிளீச்சிங் பக்கம் போகக் கூடாது, மூச்சடைக்கும்.

பூசணம் பாலியஸ்டரைத் தின்பதில்லை.
மேலே படிந்த அழுக்கைத் தின்று குடியிருக்கிறது.
நீர்த்த பிளீச்சிங்கில் அது செத்துவிடும்.
வீட்டைக் காலி செய்தவர்கள்
சுவரில் விட்டுப்போன ஆணி ஓட்டை போல
நிழல் மட்டும் நிற்கும்.

மூட்டையடியில் இன்னொரு பாய்,
மஞ்சளும் ஊதாவும், வெங்காயத் தோல் மெல்லிசு.
மயிலாத்தாள் அதே பக்கெட்டோடு குனிந்தாள்.
"வை! வை! நைலான்!"
ஒரு துளி விழுந்தேவிட்டது.
அலசினோம், அலசினோம்.
மஞ்சளில் ஒரு ரூபாய் அகலம் வெளுத்திருந்தது.
பதினேழு வருஷமாகக் கறை எடுக்கிற இடத்தில்
ஒரு கறை போட்டோம்.
அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்குக் கணவாய்க் காற்று கிளம்பியது.
ஆடி மாதம் பாலக்காட்டு வழியாக வருவது
பல்லடத்துக் காற்றாடிகளைச் சுற்றிவிட்டு
எங்கள் மாடிக்கு வந்து
வெள்ளைப் பாயை ஆள் உயரம் தூக்கியது.
படபடக்க விட்டால் பசை உடையும்.
மூலைக்கு ஒருவராக ஏறி உட்கார்ந்தோம்.
என் அடியில் அது திமிறியது,
கயிறு கட்டாத காளங்கன்று.
மாடி எங்கும் போகவில்லை.
தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.
ஆனாலும் யாரும்
சிமென்ட் மூட்டை வைத்துவிட்டு எழுந்திருக்கலாம்
என்று சொல்லவில்லை,
மூட்டை நான்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும்.

ரசீதில் எழுதினேன்:
துரு போயிற்று. புள்ளிகள் முக்கால்வாசி போயின.
விரல்கள் போகவில்லை, இனித் தேய்த்தால் துணி போகும்.
மஞ்சளில் உள்ள வெள்ளை எங்களுடையது,
கூலியில் கழித்துக்கொள்ளவும்.
நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்கவும்,
இல்லாவிட்டால் திரும்ப எங்களிடமே வரும்.

வந்தால் வரட்டும்
என்று எழுத இடமிருந்தது.
எழுதவில்லை.